ஒரு பேர்

2014 ஆகஸ்டில் நான் அமெரிக்காவுக்குக் கிளம்பிய வாரம், கொடும்பாளூர் வீட்டில் அம்மா பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினாள். உள்ளே வேப்பிலைச் சருகுக்கு நடுவே அம்மாச்சியின் கறுப்புக் கம்பளி இருந்தது. வெளியே வெயில் பொரிந்துகொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போடி. அங்கயும் குளிருதானாம்ல" என்றாள். ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு சங்க இலக்கிய உரைநூல்களை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கம்பளியை உள்ளே வைத்தேன்.

அம்மாச்சி 1930களில், பதினாறு வயதில், கல்யாணமான கையோடு கண்டிச் சீமைக்குப் போனது. எங்கள் பக்கத்தில் இலங்கை முழுவதற்குமே கண்டி என்றுதான் பேச்சு. மழை பொய்த்த ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்துக்கொண்டு போவார்கள். மண்டபம் முகாமில் உடம்பைச் சோதித்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, தலைமன்னாரில் இறக்குவார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கம்பளி கொடுத்தார்களாம். இனாம் இல்லை, கடனாகக் கணக்கில் ஏற்றிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பரணில் இருந்தது அந்த வரிசையில் கடைசிக் கம்பளி.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் கூலிக்கும் பெயர் 'பேர்'. காலைப் பெரட்டில் நின்று, சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோலில் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். "அம்மாச்சி, அவ்வளவு குளிர்ல எப்படி இருந்தீங்க?" என்று சின்ன வயதில் கேட்பேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே சொல்லும்: "குளிரு என்னத்தா செய்யும்? எனக்குப் பேரு இருந்துச்சுல்ல."

அந்தப் பேரின் காசைத் தாத்தாதான் கைநீட்டி வாங்கினார். பெண்ணுக்கும் ஆணுக்கும் சமக்கூலி அந்தத் தோட்டங்களுக்கு 1984இல்தான் வந்தது. இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாச்சி இதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

நான் போனது எச்4 விசாவில். எச்1பியில் வேலைக்குப் போகிறவரின் மனைவிக்கோ கணவனுக்கோ கொடுப்பது. வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் வாங்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. படிவத்தில் என் வகை 'சார்ந்திருப்பவர்'. பதினோரு ஆண்டுகள் வகுப்பில் முதலெழுத்து, சார்பெழுத்து நடத்தியவள் நான். சார்பெழுத்து தொல்காப்பியருக்கு மூன்று, நன்னூலாருக்குப் பத்து. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு ஒன்றே ஒன்று போதும். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, குற்றியலுகரம்போல அரை மாத்திரையாகக் குறுகி விமானம் ஏறினேன்.

நாங்கள் போய் இறங்கிய மாநிலம் வெர்மான்ட். அமெரிக்கா என்றால் நம் ஆட்களுக்கு நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும்தான். வெர்மான்ட் முழுவதற்குமே அப்போது ஆறே கால் லட்சம் பேர்தான். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 16 லட்சம் பேர் இருக்கிறோம். தலைநகரம் மான்ட்பீலியரில் அப்போது எட்டாயிரம் பேர்கூட இல்லை. சாலையோர விளம்பரப் பலகைகளை 1968லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். மலை, மரம், மாடு, மறுபடியும் மரம். என் இணையருக்கு வேலை வடகிழக்கு மூலையில், செயின்ட் ஜான்ஸ்பரி என்கிற சிற்றூருக்கு அருகில். வீடு ஊருக்கு வெளியே, மண்சாலையில். பேருந்து என்று ஒன்று அந்த வழியாக வந்து நான் பார்த்ததில்லை.

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். இருட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. டிசம்பரில் நாலேகாலுக்குப் பொழுது அடைந்துவிடும். மகள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வருவதற்குள் வாசல் விளக்கைப் போட வேண்டும். இரவில் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். சொட்டும் குழாயை அடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான், வானம் பார்த்த பூமிக்காரி. முதல் வாரம் முழுக்க நடுராத்திரியில் எழுந்துபோய் என்னையறியாமல் மூடிவிட்டு வந்தேன்.

அதைவிட எனக்குச் சொல் போதவில்லை. பனி என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மார்கழிப் புல்லில் நிற்பதையும், மூட்டமாய் இறங்குவதையும், இங்கே இடுப்பளவு கொட்டிக் கிடப்பதையும் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் தொலைபேசியில் "பனி விழுது" என்றால், "காதுல துணியக் கட்டிக்க" என்பாள். அவள் சொன்னது ஹட்டன் பனிக்கு. அந்த பிப்ரவரியில் பல காலைகள் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டின. மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும்.

நெடுநல்வாடையை ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன், மின்விசிறி சுற்றச் சுற்ற. மாடு மேய்ப்பவர்கள் கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டும் நடுங்குவதை, மாடுகள் மேய்ச்சலை மறந்து நிற்பதை நக்கீரர் சொல்லுமிடத்தில் மாணவிகளிடம் "உயர்வு நவிற்சி" என்றே சொல்லியிருக்கிறேன். வெர்மான்ட்டின் மாடுகளைப் பார்த்த பிறகு அவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நான் மறுபடி மறுபடி திரும்பியது அந்தக் காட்சிக்கு அல்ல. வெளியே பாசறையில் அரசன் இரவெல்லாம் நடக்கிறான். புண்பட்ட வீரர்களையும் யானை குதிரைகளையும் பார்க்கிறான். அரண்மனைக்குள் அரசி நல்ல கட்டிலில் படுத்திருக்கிறாள். கதவு இருக்கிறது, காவல் இருக்கிறது, தோழிமார் ஆறுதல் சொல்கிறார்கள். குளிரில் அலைகிறவனுக்குச் செய்ய வேலை இருக்கிறது. கதகதப்பில் கிடப்பவளுக்குக் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. மத்திய வெப்பமூட்டி உறுமும் வீட்டில், பகல் பதினொரு மணிக்கு, அம்மாச்சியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதை நினைத்து அழுதிருக்கிறேன்.

2015 பிப்ரவரி இறுதியில் இணையர் அலுவலகத்திலிருந்து அழைத்தார். எச்4காரர்கள் வேலை பார்க்கலாம் என்று விதி வரப்போகிறது, மே 26 முதல் நடைமுறை. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று பாயசம் வைத்தேன். இரவு உட்கார்ந்து விதியைப் படித்தோம். கணவரின் பச்சை அட்டைக்கான மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அது நிலுவையில் இருந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. என் உரிமையும் அவருடைய காகிதத்தைச் சார்ந்தே வரும் என்பது அன்றுதான் முழுதாக உறைத்தது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், ரெண்டு மூணு வருஷம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அந்த வாக்கியம் கெட்டது. பெண்களிடம் அதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான்.

பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார், பக்கம் என்றால் முக்கால் கிலோமீட்டர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஓட்டுநர் உரிமம் வாங்கிய பிறகும் பனிக்குப் பயந்து வண்டியைத் தொடாதிருப்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான தேவாலய வண்டி நிறுத்தத்துக்கு அழைத்துப்போனார். வேண்டுமென்றே வண்டியை வழுக்கவிடச் சொன்னார். பிரேக்கை மிதிக்காதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, பின்பக்கம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. இருபது முறை சுற்றினோம். இருபத்தோராவது முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அதன் பிறகு நானே ஓட்டிக்கொண்டு ஊருக்குள் இருக்கும் அத்தனீயம் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். தராசு செய்து பணக்காரர்களான ஃபேர்பேங்க்ஸ் குடும்பத்தார் 1871இல் ஊருக்குக் கட்டிக்கொடுத்தது. அங்கே உட்கார்ந்துதான் என் மூன்றாவது தொகுப்பில் பாதியை எழுதினேன். மார்ச்சில் பாட்டியம்மா மேப்பிள் பால் காய்ச்ச அழைத்தார். இரவு உறைந்து பகலில் இளகும் சில வாரங்கள்தான் மரம் சுரக்கும். 40 குடம் காய்ச்சினால் ஒரு குடம் பாகு. பதநீர் காய்ச்சிய அடுப்படி வாசனையே. அவ்வளவு நேரம் விறகு தள்ளியதற்கு ஒரு பாட்டில் பாகு கொடுத்தார். கூலி வாங்கக் கூடாதே என்று ஒரு கணம் உண்மையிலேயே பயந்தேன்.

பாஸ்டனில் ஒரு பொங்கல் விழாவில் ஊரைச் சொன்னால், "அட, வானதி ஊரு!" என்றார்கள். கல்கியின் அந்தக் கொடும்பாளூர் இளவரசி அடிக்கடி மயங்கி விழுகிறவள். எனக்கு நினைவு வந்தது கல்வெட்டுப் பெண்கள். எங்கள் ஊர் மூவர் கோயில் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்னும் இரு தேவியர் பெயரிலும் எடுத்தது. மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அதே வேளிர் குலத்துப் பூதி ஆதித்த பிடாரி, சோழ இளவரசன் அரிகுலகேசரியை மணந்து காவிரிக்கரைக்குப் போனவள். திருச்செந்துறையில் கற்கோயில் எடுத்தவள். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் அவளுக்கு முன்னால் வந்தாலும், எடுத்தவள் அவள் என்று கல்லில் இருக்கிறது.

அம்மாவோ இதற்கெல்லாம் நேரெதிராக இடம்பெயர்ந்தவள். தோட்டத்து லயத்தில் பிறந்து, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 'தாயகம்' திரும்பியவள், இருபது வயதில். பார்த்தே இராத தாயகம். குடும்ப அட்டையில் தலைப்பு தாத்தா பெயருக்கு. கொடும்பாளூர் வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஊரார் 'சிலோன்காரி' என்றார்கள். பகலில் மூவர் கோயில் கல் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். "பழகிருச்சாம்மா?" என்று வெர்மான்ட்டிலிருந்து ஒருநாள் கேட்டேன். ஏன் அதற்கு முன் கேட்கத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. "வெயிலு பழகிருச்சு. அங்க எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியும்டி. இங்க நான் ஒண்ணுந்தெரியாதவளாயிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு லீவு எப்ப முடியுது?" என்றாள்.

2016 ஜூனில் முடிந்தது. நானும் மகளும் திரும்பினோம். இணையர் இன்னும் மூன்று குளிர்காலம் அங்கே இருந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் எங்களுக்குள் நடந்தது தனிக் கட்டுரை. 'புருஷனைக் குளிரில் விட்டுவிட்டு வந்தவள்' என்று உறவில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. கம்பளியைப் பாட்டியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு அதன் கதை முழுவதும் தெரியும்.

அந்த ஆண்டும் நெடுநல்வாடை என் பங்குக்கே வந்தது. அரசியின் கட்டிலை வர்ணிக்கும் அடிகளை நடத்திக்கொண்டிருந்தபோது, மணப்பாறையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "அந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?" வகுப்பு சிரித்தது. நான் அன்று பாடத்தை முடிக்கவில்லை.

பணியில் சேர்ந்த அன்று மாலை அம்மா போன் செய்தாள். "என்னடி, பேரு விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"முழுப்பேரா, அரைப்பேரா?"

விராலிமலையில் பேருந்து தாமதம். வருகைப் பதிவேட்டில் பத்து நிமிடம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.