திம்பம் மலைப்பாதையும் ஒரு விரல் நீள சென்சாரும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூரு செல்பவர்களுக்கு பண்ணாரி ஓர் எல்லைக்கோடு. அதுவரை வயலும் வாழைத்தோப்புமாக வரும் சாலை, அம்மன் கோயிலைத் தாண்டியதும் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்து மலையேறத் தொடங்கிவிடும். திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். லாரிக்காரர்கள் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு முதல் கியரைப் போடுவது பக்தியால் மட்டுமல்ல. இந்தப் பாதையில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாளவாடியில் முட்டைக்கோஸ் பயிரிடும் உறவினர் ஒருவரின் பழைய டீசல் பிக்கப்பில் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பும் பயணம். சமவெளியில் சமர்த்தாக ஓடிய வண்டி, மூன்றாவது வளைவில் பொட்டென்று நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது!

"ஒரு மாசமா இப்படித்தான் படுத்துது. டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு. இப்ப பம்பையே கழட்டணும்ங்கறாங்க" என்றார் உறவினர். பம்பு வேலை என்றால் ஒரு போக வெள்ளாமைப் பணம் போய்விடும். அங்கே இன்னொரு கவலையும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. மாலை நேரத்தில் வண்டி நின்றால் காட்டுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேலே ஏறாமல் சத்தியமங்கலத்துக்கே திருப்பினோம்.

கேள்விதான் முதல் ஸ்பானர்

மைசூர் சாலையோரம் இருந்த சின்ன ஒர்க்‌ஷாப். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, குலுங்கிக் குலுங்கி நின்னுச்சா, சுவிட்ச் போட்ட மாதிரி சட்டுனு நின்னுச்சுங்களா?"

"சட்டுனுதாங்க."

"மறுபடி சாவி போட்டப்ப ஆர்.பி.எம். முள் அசைஞ்சுச்சுங்களா?"

"இல்லைங்க, படுத்தே கெடந்துச்சு."

"அப்ப பம்பை விடுங்க. கிராங்க் சென்சாரைப் பாக்கலாம்."

டீசல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் இழுவை குறைந்து, திணறி நிற்கும். மின்சாரக் கோளாறு என்றால் சட்டென்று அணையும். கிராங்க் ஷாஃப்ட்டுடன் சுழலும் பல் சக்கரம் ஒன்று உண்டு. அதன் பற்களை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் விரல் நீளமுள்ள இந்த சென்சாரின் வேலை. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தத் தகவல் வராவிட்டால் எப்போது டீசலைத் தெளிப்பது என்று அதற்குத் தெரியாது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி நின்றுவிடும்.

ஸ்கேனரை மாட்டியபோது கிராங்க் சிக்னல் பற்றிய கோடு ஒன்று பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. "இது தெருவைத்தான் காட்டுமுங்க. வீட்டை நாமதான் தேடோணும்" என்றார். ஒயர் அறுந்திருந்தாலும், கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் அதே கோடுதான் வருமாம். இன்ஜினை ஓடவிட்டு ஒயரை நெடுக அசைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

அடுத்து மல்டிமீட்டர். அந்த வண்டியில் இருந்தது இரண்டு ஒயர், காயில் வகை சென்சார். இன்ஜின் ஆறியிருந்தபோது மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் ஒழுங்காகக் காட்டியது. பிறகு இன்ஜினைச் சூடேற விட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக அணைந்தது. உடனே மீட்டரை வைத்தால், காயில் அறுந்தது போல ரீடிங்கே இல்லை. ஆறியதும் பழையபடி வந்தது! சூட்டில் உள்ளே விரிந்து விலகும் கம்பி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய வண்டியில் மட்டும் சோதித்தவர்களுக்கு இத்தனை நாள் அது அகப்படாததில் வியப்பில்லை.

புது சென்சார் வந்தது. அது உட்காரும் துளையைச் சுற்றியிருந்த இரும்புத் துகள்களைத் துடைத்து, ஒயரை சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கட்டினார். கழற்றி மாட்டிய நேரத்தைவிட, காத்திருந்த நேரமே அதிகம்.

மேலே ஏறினால்...

மறுநாள் காலை 27 வளைவுகளையும் நிற்காமல் ஏறினோம். வளைவுக்கு வளைவு கீழே சமவெளி விரிந்துகொண்டே போகிறது. திம்பத்தில் குளிர்ந்த காற்று. அதற்கப்பால் ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளுக்காகச் சாலையோரம் காத்திருக்கும் யானைகள் பிரசித்தம். காட்டைக் கடந்தால் தாளவாடி. தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஊர். பச்சைக் கம்பளமாக முட்டைக்கோஸ் தோட்டங்கள். அந்தக் காய்கள் வாடாமல் சந்தைக்குப் போய்ச் சேர, இப்படிப்பட்ட பழைய பிக்கப்கள்தான் தினமும் மலை இறங்குகின்றன.

மலைக்குப் புறப்படும் முன்...

* சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியை, மலையேறும் முன்பே காட்டிவிடுங்கள். கோளாறு சூட்டில் வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

* நின்றபோது எந்த கியர், ஆர்.பி.எம். முள் அசைந்ததா, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடியது என்று குறித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

* இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக் உதவியும் குறையும். கியரை நியூட்ரல் ஆக்காதீர்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

* சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது அகற்றிவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கும் அதே வளைவுதான்.