நாலு புள்ளிகள்

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் வரைவான். 2020ல் எங்கள் வங்கி இன்னொரு வங்கியோடு இணைக்கப்பட்டபோது பழைய பெயர் அச்சிட்ட சலான்கள் கட்டுக்கட்டாய் வீணாயின. நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவற்றின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வருஷமாக ஒரே பொருளைத்தான் வரைகிறான்: தாழ்ப்பாள்.

விமர்சனம் எழுதுகிறவன் கண்ணில் இது பட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. உள்ளே பூட்டிக்கொண்ட மனம், உலகத்தின் முகத்தில் சாத்திய கதவு என்றெல்லாம் ஒரு கட்டுரைக்குக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். நடுவில் சில படங்களில் நாலு ஸ்க்ரூக்களில் ஒன்று காணாமல் போயிற்று. அந்த ஓட்டைக்கு எதிரே ‘சூன்யம்’ என்று எழுதிவைத்தேன். பிறகு தாழ்ப்பாளே இல்லை. வெற்றுத் தாளில் நாலு புள்ளிகள் மட்டும். பையன் உருவத்தைத் துறந்து அரூபத்துக்கு வந்துவிட்டான் என்று எனக்குப் புல்லரித்தது.

கட்டுரைக்காகப் படித்தவர்களில் ஒருத்தி நாடியா. 1967ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவள். பேச்சு அநேகமாக இல்லாத அந்தக் குழந்தை மூன்றரை வயதிலிருந்து பாயும் குதிரைகளைத் தேர்ந்த ஓவியனின் கோட்டில் வரைந்தது. லோர்னா ஸெல்ஃப் என்ற உளவியலாளர் 1977ல் அவளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிறப்புப் பள்ளியில் அவளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது, குதிரைகள் மங்கிவிட்டன. பேச்சு சித்திரத்தைத் தின்றுவிட்டதென்று நானும் குதிரைகளுக்காக வருந்தினேன். அதே காலத்தில் அவள் தாய் இறந்துபோனதைப் படித்தும் கடந்துபோனேன். மௌனத்தைப் புனிதமாக்குவது நம் வட்டத்துக்குப் பழக்கம். மௌனத்தோடு குடித்தனம் செய்வது என் அக்கா.

1974ல் லண்டனில் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் கதை வேறு. கட்டடங்களை வரைந்த, பேசாத பையன். அவன் கேட்கட்டும் என்று பள்ளியில் வரையும் சாமான்களைச் சிறிது காலம் எடுத்துவைத்தார்கள். அவனுடைய முதல் சொல் ‘பேப்பர்’. இதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை நான் சலான்களை அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்தேன். எங்கள் பையன் சொல் எதுவும் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் தேடினான், பையைக் கவிழ்த்தான், பிறகு மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையை மோதினான். அக்கா ஸ்டூல் போட்டு ஏறிச் சலான்களை எடுத்துக் கொடுத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். பையன் நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிவைத்து வகுப்பிலேயே நனைத்துக்கொள்கிறானாம். அக்காவுக்குக் காய்ச்சல், நான் போனேன். போன இடத்தில் டீச்சரிடம் நாலு புள்ளிகளைக் காட்டி, கேட்காமலே என் வியாக்கியானத்தையும் சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், கொஞ்சம் இப்படி வாங்க” என்று கழிப்பறைக்கு அழைத்துப் போனார். கதவின் உட்புறத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்.

“முதல்ல ஒரு ஸ்க்ரூதான் போச்சு. அப்புறம் மொத்தமா விழுந்துடுச்சு. நாங்களும் கவனிக்கலை சார்.”

மறுநாளே புதுத் தாழ்ப்பாள் வந்தது. அவன் வரைந்த தாழ்ப்பாள்களில் ஒன்றை டீச்சர் கத்தரித்து அவன் மேஜையில் ஒட்டிவைத்தார். ஒவ்வொரு முறையும் அவன் கையை அதன்மேல் வைத்து, பிறகு கழிப்பறைக்கு அழைத்துப் போனார். இப்போது போகவேண்டுமென்றால் அவனே அதைத் தொட்டுவிட்டு டீச்சரைப் பார்க்கிறான்.

‘வெளிப்பாடு’ என்ற சொல்லைப் பத்து வருஷமாக உபயோகிக்கிறேன், உள்ளே கிடப்பது வெளியே வருவது என்ற அர்த்தத்தில். அதனால் அவனுக்கு உள்ளேயே துழாவிக்கொண்டிருந்தேன். அவனோ வெளியே ஒரு கதவைக் காட்டிக்கொண்டிருந்தான். படம் என்ன சொல்கிறது என்று கேட்டேனே தவிர, யாரிடம் சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நான் அரூபக் கலையை ரசித்த அத்தனை நாளும் ஒரு குழந்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆகவே படம் வெறும் செய்தி என்று முடிவுகட்டினால் அதுவும் பிசகு. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது; காரியம் முடிந்துவிட்டது; அவன் நிறுத்தவில்லை. நேற்று ராத்திரி அந்தப் புதுத் தாழ்ப்பாளை வரைந்தான். நாலு ஸ்க்ரூக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கீறல், நாலு கீறலும் நாலு திசையில். அந்தக் கீறல்கள் டீச்சருக்குத் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை.

என் கட்டுரைக் குறிப்புகளுக்கும் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. அவனிடம் கொடுத்துவிட்டேன்.