தேரைக்குப் போரிவலியில் யாரைத் தெரியும்?

செம்பூரில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. ஜூன் மாதம் மழை இறங்கிய மூன்றாம் நாள் குளியலறையில் தேரை இருக்கும். வாளிக்குப் பின்னால், ஈரச் சுவரோரம், வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரரைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கும். மாதுங்காவின் ஒற்றை அறையை விட்டு 1974இல் அப்பா எங்களை இங்கே கூட்டிவந்த முதல் மழையிலிருந்தே இப்படித்தான் என்பாள் அம்மா.

அம்பாசமுத்திரத்துக்காரியான அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. முறத்தால் மெல்லத் தள்ளி, பின்கதவைத் திறந்து, வாழையடியில் விட்டுவிட்டு வந்து காபி கலப்பாள். அவஸ்தை எனக்குத்தான். கல்யாணமாகி வந்த என் மனைவி தேரையைக் கண்டு அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர் உப்பைத் தூவச் சொன்னார். காவலாளி 'பேடூக்!' என்று சிரித்துவிட்டு ஃபினாயில் ஊற்றலாம் என்றார். கொல்ல மனம் வரவில்லை. நான் இரக்கமுள்ளவன் என்று எனக்குள் ஓர் எண்ணம் வேறு.

2009 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தேரைகளை வாளியில் போட்டு, மேலே துணி கட்டிக் கிளம்பினேன். போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, உள்ளே இரண்டு ஏரிகள். செம்பூர் சாக்கடையைவிட அது சொர்க்கமாயிற்றே!

"எங்கெல கொண்டு போற?" என்றாள் அம்மா. சொன்னேன். "அதுக்கு அங்கெ யாரத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

குர்லாவில் ரயில் மாறி, தாதரில் மறுபடியும் மாறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு போரிவலி போய்ச் சேர்ந்தேன். ஓடைக்கரையில் விட்டேன். மூன்றும் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. புது இடத்தின் அழகைப் பார்க்கின்றன என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. தேரைக்கு அதன் இடம் அத்துப்படி என்றார். பகலில் எந்தக் கல்லிடுக்கில் ஒடுங்குவது, எந்த விளக்கடியில் கரப்பானும் கறையானும் கிடைக்கும், மழை பெய்தால் எந்தக் குட்டையில் முட்டையிடுவது எல்லாம் அதற்குத் தெரியும். வேறு இடத்தில் விட்டால் பல தேரை, தவளை இனங்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த அலைச்சலில் வண்டிச் சக்கரத்துக்கோ காக்கைக்கோ பாம்புக்கோ இரையாகும்.

அதைவிடப் பெரிய குற்றம், போகிற இடத்துக்கு நான் செய்தது. தவளைகளின் தோலைத் தாக்கும் கிட்ரிட் என்ற பூஞ்சை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. தண்ணீரையும் உப்புகளையும் தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும் பிராணிக்குத் தோல் கெட்டால் இதயம் நின்றுவிடும். 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, நீர்நில வாழ்வனவற்றில் குறைந்தது 501 இனங்கள் குறைந்துபோனதற்கு இதைக் காரணம் காட்டியது. அவற்றில் 90 இனங்கள் அடியோடு அழிந்திருக்கலாம் என்றும் சொன்னது. பார்வைக்கு நன்றாக இருக்கும் தவளையும் நோயைச் சுமந்து போகலாம். என் வாளியில் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்?

நோய் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் ஆண் தவளை மஞ்சள் மஞ்சேரென்று மாறும் புல்ஃப்ராக் நம் ஊர் வயல்களுக்கு நல்ல காவலாளி. அதன் காலுக்காக ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதி செய்து, பிறகு விழித்துக்கொண்டு 1987இல் அரசு தடை போட்டது. அதே தவளை அந்தமானுக்குப் போனதும் வில்லனாகிவிட்டது. அதன் தலைப்பிரட்டைகள் அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. என் குளியலறைத் தேரையின் இனமே மடகாஸ்கர் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததை 2014இல் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள பிராணிகளுக்கு அதன் விஷம் பழக்கமில்லை.

"அப்படியானால் என்னதான் செய்வது?" என்றேன். "உங்கள் அம்மா செய்ததைத்தான்" என்றார் நண்பர்.

அன்றிலிருந்து இதுதான் என் வழக்கம். அந்தி சாயும்வரை காத்திருப்பேன். சோப்பு, கிரீம் எதுவும் படாத கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்வேன். காய்ந்த கை அதன் தோலை வருத்தும். தொட விரும்பாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுக்கலாம். தேரை பயந்து சிறுநீர் கழித்தால் அருவருக்க வேண்டாம், அது உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும் தண்ணீர். பத்திருபதடி தள்ளி, செடி நிழலில் ஈர மண்ணில் விட்டால் போதும். கிணற்றிலோ தொட்டியிலோ போடக் கூடாது, ஏற வழியில்லாமல் தேரை மூழ்கிச் சாகும். பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் விஷப்பால் உண்டு. தொட்டால் மரு வரும் என்பது மட்டும் கட்டுக்கதை. மறுபடி வராமலிருக்கச் சாக்கடை வாயில் ஜாலி போடுங்கள், வாசல் விளக்கை அணையுங்கள். பூச்சி வராவிட்டால் தேரையும் வராது.

இதையெல்லாம் கற்றுக்கொண்டேனே தவிர, புத்தியில் ஏறவில்லை. 2024இல் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானது. மூன்று வருஷம் வெளியே இருக்க வேண்டும். தாணேயில் கோட்பந்தர் சாலைப் பக்கம் வீடு பார்த்தேன். லிஃப்ட் உண்டு, ஜன்னலைத் திறந்தால் காடு தெரியும், வாடகையும் குறைவு. எண்பத்து நாலு வயது அம்மாவிடம் பெருமையாக வர்ணித்தேன். அவள் மறுத்து எதுவும் பேசவில்லை. கறிவேப்பிலை கொசுறு தரும் காய்காரி, நாடி பிடித்தே ரத்த அழுத்தம் சொல்லும் டாக்டர், செட்டா நகர் முருகன் கோயில் எல்லாம் அவளுக்கு நடக்கும் தூரத்தில் இருந்தன. அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, பதினைந்து வருஷத்துக்கு முன் அவள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

இப்போது அதே தெருவில், நாலு கட்டடம் தள்ளி இருக்கிறோம். சின்ன வீடு. பில்டர் தரும் பணத்துக்கு மேல் மாதாமாதம் கைப்பணம் போகிறது. அம்மாவைத் தேரையோடு ஒப்பிட்டேன் என்று தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டைக் காலி செய்யுமுன், அந்த வருஷ மழையில் சில அந்திப் பொழுதுகளைத் தேரைகளுக்கு ஒதுக்கினேன். பக்கத்துக் கட்டடத்துச் செயலாளரிடம் அனுமதி கேட்டு, கிடைத்தவற்றை மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் விட்டேன். டார்ச் பிடித்தவள் என் மனைவி.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் காம்பவுண்டு முழுக்க சிமெண்ட் கல்தான். பின்மதிலோரம் நாலடி அகலத்துக்காவது மண்ணாக விடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார் நிறுத்த இடம் குறையுமே என்று இரண்டு பேர் முனகினார்கள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.