முற்றத்து நிழல்

கடலூர் நகரின் செம்மண்டலத்தில் எங்கள் இல்லம் உளது. அதன் முற்றத்தில் என் பாட்டனார் காலத்து வேம்பொன்று நின்றது. நண்பகலிலும் அதன் அடியிற் கயிற்றுக் கட்டிலிட்டு என் அன்னையார் அமர்ந்திருப்பார். கீரை ஆய்வதும், அரிசி புடைப்பதும், அண்டை வீட்டு மகளிரொடு அளவளாவுவதும் அங்கேதான். மாலையில் என்னிடம் தமிழ் கற்க வரும் சிறுவர்க்கும் அதுவே பள்ளி.

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் காலையில், ‘தானே’ என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரங்களும் முந்திரிக் காடுகளும் வேரொடு சாய்ந்தன. அவற்றை இழந்தோர் துயரின்முன் எங்கள் இழப்புச் சிறிதே. ஆயினும், புயல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது, வேம்பு நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

அடுத்த கோடையில் அன்னையார் வீட்டினுள்ளேயே முடங்கினார். எண்பது அகவை கடந்தவர், உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. “முற்றத்தில் ஏன் அமர்வதில்லை, அம்மா?” என்று வினவினேன். “எங்கே அமர்வது?” என்றார்.

துணியால் நிழல் செய்வது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், புகார்க் கடற்கரையிலே புன்னை நீழல் இருந்தும், ஓவியத் திரை சூழ, மேலே விதானம் கட்டியன்றோ மாதவியும் கோவலனும் அமர்கின்றனர்! பண்டை உரோமாபுரியிலும் பேரரங்கின்மேல் துணி விரித்து வெயில் மறைத்தனர். அதனை இழுத்துக் கட்டக் கப்பற்படை மாலுமிகளை அமர்த்தினர். இவற்றையெல்லாம் கற்றிருந்தும், மாலுமிகளை ஏன் அமர்த்தினர் என்று ஒருநாளேனும் யான் எண்ணிப் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் தார்ப்பாய் ஒன்று வாங்கி, நான்கு கம்பம் நட்டுத் தட்டையாகக் கட்டினேன். அன்னையார் ஒருநாள் அமர்ந்தார். “மரத்தடியில் காற்றுக் குளிரும், இங்கே வேகிறது” என்று எழுந்து சென்றார். அவர் கூறியது மெய்யே. இலையானது நீரை ஆவியாக்கித் தன்னைச் சூழ்ந்த காற்றைக் குளிர்விக்கும். தார்ப்பாயோ தான் காய்ந்து, அவ்வெம்மையைக் கீழே உமிழும். வைகாசியில் ஓரிரவு மழை பெய்தது. பாயின் நடுவே நீர் தேங்கி, கம்பம் முறிந்து, யாவும் கட்டிலின்மீதே வீழ்ந்தன. பகலாக இருந்திருப்பின்! இன்றும் அதனை எண்ண அஞ்சுகிறேன்.

மறுநாள் மீன் விற்க வந்த அம்மையார் அதனைக் கண்டு நகைத்தார். பின் தேவனாம்பட்டினத்திலிருந்து தம் தந்தையாரை அழைத்து வந்தார். இளமையிற் பாய் கட்டிக் கட்டுமரம் செலுத்தியவர் அவர். “வாத்தியாரையா, தட்டையாகக் கட்டினால் காற்று அடிக்கும், மழை உட்காரும். முறுக்கிக் கட்ட வேண்டும்” என்றார்.

அவர் சொற்படி, காற்று ஊடுருவும் தடித்த துணி வாங்கினோம். விளிம்புகளைப் பிறைபோல் உட்குழித்து வெட்டி, உள்ளே கயிறு வைத்து மடித்துத் தைப்பித்தோம். எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தாழ்த்தி இழுத்தார் அவர். துணி முறுகி விறைத்தது, படபடப்பு அடங்கியது. நீர் வடியத் தாழ்ந்த மூலைகள். வெங்காற்று வெளியேற உயர்ந்த மூலைகள்.

வடமேற்கு மூலையைத் தாழ்த்தியபோது மட்டும், “வெயில் தெற்கிலிருந்தன்றோ வரும்?” என்று யான் தடுத்தேன். அவர் வாதிடவில்லை, கம்பத்தின் நிழலைக் காட்டினார். நண்பகலில் அது தெற்கே விழுந்திருந்தது! நம் கடலூரிற் சித்திரை முதல் வாரம் கழிந்ததிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகற் கதிரவன் தலைக்கு வடபுறமே நிற்பான். மாணவர்களே, முற்றத்தில் ஒரு கோல் நட்டு நீங்களும் காண்க. அத்தனை ஆண்டு அவ்வெயிலில் நடந்தே பள்ளிக்குச் சென்ற யான் அதனைக் கண்டிலேன்.

அன்னையார் மீண்டும் முற்றத்திற்கு வந்தார். ஐப்பசி பிறக்குமுன் துணியை அவிழ்த்து மடித்து வைப்போம்; மாசியில் அவரே அதனை நினைவூட்டுவார். ஒருநாள், “எனக்குத் துணி போதும், உன் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கன்று வை” என்றார். வடகிழக்குக் கம்பத்தருகே வேப்பங்கன்று நட்டோம். அது இடுப்பளவு வளர்ந்ததைப் பார்த்தபின் அவர் மறைந்தார்.

இவ்வாண்டு துணியைக் கட்டச் சென்றபோது, அம்மூலைக் கம்பத்தை வேம்பின் கிளை மறைத்து நின்றது. “தாத்தா, அரிவாள் எடுத்து வரட்டுமா?” என்றாள் பேர்த்தி. அம்மூலைக் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்கச் சொன்னேன். துணியின் ஒரு பக்கத்தை மடித்து, மூன்று மூலைகளிலேயே கட்டினோம்.