யானைப் பாட்டுக்காரர்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டபின்

அன்புள்ள கிள்ளான்காரியே,

புலனத்தில் குரல் பதிவு அனுப்பினால் நீ பாதிகூடக் கேட்பதில்லை. கேட்டேன் கேட்டேன் என்று சத்தியம் செய்வாய், நடுவில் என்ன சொன்னேன் என்று கேட்டால் முழிப்பாய். அதனால்தான் இந்தத் தடவை காகிதமும் பேனாவும். முழுதும் படித்தாக வேண்டும், வேறு வழியில்லை உனக்கு.

போன வாரம் பெரிய அத்தானின் அலமாரியைக் காலி செய்தோம். அவர் போய் ஒரு வருடமாகியும் யாருக்கும் அதைத் திறக்க மனசு வரவில்லை. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பழைய பாஸ்போர்ட் மூன்று, மூக்குக் கண்ணாடி ஏழு, ஒரு கட்டு இசைத்தட்டு. சீர்காழி, டி.எம்.எஸ். தட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஆங்கிலம். அட்டையில் கறுத்த, லட்சணமான முகம், பளீரென்று பல்வரிசை. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரத்தை இது, கமலஹாசனா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பாவம், அவள்மேலும் தப்பில்லை. அட்டையில் 'கமால்' என்றுதானே போட்டிருக்கிறது.

இவர் வேறு கமால், பாட்டுக்காரர் கந்தையா கமலேஸ்வரன். 1934 நவம்பர் 13-ல் இதே கோலாலம்பூரில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பிள்ளை. ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸிலும் கணக்கெழுத வந்த கூட்டமிருக்கிறதே, அந்த மனிதர்களின் உலகம். ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் நுழைந்தபோது அவருக்கு ஏழு வயது. பிறகு விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். 1953-ல் படிப்புக்காக ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு. கட்டடக்கலை படித்து வருவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பையன் நாட் கிங் கோல் பாட்டைக் கேட்டுக் கேட்டு மேடையேறிவிட்டான்! நம் வீடுகளில் இது நடந்திருந்தால் எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்திருப்போம், சொல்.

அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரனைத் தவிர யாரையும் குடியேற விடமாட்டார்கள். 1901-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். படிக்க வந்தவன் படிப்பை விட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். குடிநுழைவுக்காரர்களிடமிருந்து இவருக்குக் கைகொடுத்தது யாரென்று நினைக்கிறாய்? ரூபர்ட் மர்டோக்! பிறகு உலகத்துப் பத்திரிகைகளில் எத்தனையோ வளைத்துப் போட்ட அதே மனிதர்தான். அப்போது இருபத்தேழு வயசுப் பையன், அடிலெய்டில் அப்பா விட்டுப் போன பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1958-ல் கமாலின் பாட்டைக் கேட்டுவிட்டு, சிட்னியில் பெரிய ஹோட்டலில் பாட ஏற்பாடு செய்து, தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். மர்டோக்கைப் பற்றி உன் மகன் பேசுவதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு புண்ணியம் அவர் கணக்கில் இருக்கட்டும்.

பாட்டு மட்டுமில்லை, நடிப்பும் உண்டு. இதைக் கேள், இதுதான் உச்சம். 1967-ல் 'ஜர்னி அவுட் ஆப் டார்க்னஸ்' என்று ஒரு படம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கைதி ஒருவனைப் பாலைவனத்து வழியாகப் பிடித்து வரும் கதை. கைதியாக நடித்தது நம்ம யாழ்ப்பாணத்துக் கமலேஸ்வரன். சரி, அவனுடைய தடம் பார்த்துப் போகும் பூர்வகுடி ஆள்? எட் டெவரோ என்ற வெள்ளைக்கார நடிகர், முகத்தில் கறுப்பு மை அப்பிக்கொண்டு! பிறகு 'ஸ்கிப்பி' என்று கங்காரு வரும் தொலைக்காட்சித் தொடரில் வனக்காவலராக வந்தாரே, அவரேதான். ஒரு கண்டத்துக்கே சொந்தமான மக்கள், அவர்கள் கதையிலேயே இரண்டு முக்கிய வேஷத்துக்கும் அவர்களில் ஒருவரில்லை. வெள்ளைக்காரன் மை பூசிக்கொள்வான், இல்லையென்றால் கோலாலம்பூரிலிருந்து வந்தவன் போதும். கறுப்பாக இருந்தால் சரி என்ற கணக்கு.

அப்புறம் தட்டுக்கு மேல் தட்டு, தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு மேல் நிகழ்ச்சி. நீள அங்கியும் ஆழமான குரலுமாக, வெள்ளைக்காரக் கிழவிகளுக்கெல்லாம் கண்ணான கண்ணன். 1975-ல் வந்த அந்த யானைப் பாட்டு, உலக வனவிலங்கு நிதியத்துக்காகப் பாடியது, ஹாலந்தில் முதலிடத்துக்குப் போய்விட்டது. யானையே இல்லாத ஊர்! லண்டன் பலேடியம், நியூயார்க்கில் கார்னகி ஹால், எதையும் விடவில்லை. 1994-ல் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் விருது. டான் பிராட்மேனோடு 1988-லிருந்து, அவர் 2001-ல் கண்ணை மூடும்வரை நெருங்கிய சிநேகம். யாரிடமும் சட்டென்று ஒட்டாத மனிதர் என்பார்கள் பிராட்மேனை. உன் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் சொல்லிவிடாதே, கிரிக்கெட்டை ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது உனக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. இனிமேல் சொல்லப்போவதுதான் நாலு நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

'ஹே ஹே இட்ஸ் சாட்டர்டே' என்று சனிக்கிழமை கேளிக்கை நிகழ்ச்சி ஒன்று. 1971-ல் தொடங்கி 1999 வரை ஓடியது. கமால் அதில் அடிக்கடி வருவார். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து வெள்ளைப் பவுடரை முகத்தில் அப்புகிறார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், இப்போதுதான் நீ நிஜமான வெள்ளைக்காரன் என்கிற மாதிரி ஒரு நக்கல். அரங்கமே சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தோட்டத்தில் கிராணியார் கேலி பேசும்போது எங்கள் தாத்தா சிரிப்பாராம், அம்மா நடித்துக் காட்டுவாள். அதே சிரிப்பு.

மனிதர்களுக்கு ஏன் இரக்கமில்லை என்று இவர் வருத்தப்பட்டதைக்கூட விடவில்லையாம். அதையே கேலி வாசகமாக்கி அவர் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். 2009 அக்டோபரில் அந்த நிகழ்ச்சியை மறுபடி கொண்டுவந்தபோது, சில பேர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு மைக்கல் ஜாக்சன் குடும்பமாக ஆடினார்கள். நடுவராக வந்த அமெரிக்கப் பாடகர் ஹாரி கானிக் ஜூனியர் முகம் சுளித்து, பூஜ்யம் போட்டார். உடனே அவரிடம் மன்னிப்பு கேட்டார்கள். அதே ஆட்டத்துக்கு நடுவே திரையில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது: கமால் எங்கே என்று. அதற்கு அன்றைக்கு யாரும் மன்னிப்பு கேட்ட மாதிரி தெரியவில்லை. 2021-ல் எண்பத்தாறு வயதில்தான் மனிதர் வாயைத் திறந்து, அதெல்லாம் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது என்று சொன்னார். அதற்கப்புறம்தான் நிகழ்ச்சித் தலைவர் டாரில் சோமர்ஸ் வருத்தம் தெரிவித்தார்.

ஏன் அவ்வளவு நாள் பேசாமல் இருந்தார் என்று என் மகள் ரொம்பச் சாமர்த்தியமாகக் கேட்டாள். பேசியிருந்தால் அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டிருப்பார்களா? அதை யாரும் யோசிப்பதில்லை.

நாம் மட்டும் என்ன யோக்கியமா? 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று கறுத்த பெண்கள் இருவரைக் காட்டிச் சிரிக்க வைத்தார்களே, 2007-ல். கிள்ளானில் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பாப்கார்ன் சிந்தச் சிந்தச் சிரித்தோம். உன் சின்ன மகள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு இப்போதுதான் அது ஞாபகம் வருகிறது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், தாயாச்சே.

ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலில் வெள்ளிக்கிழமை ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டியிடம் இவரைப் பற்றி விசாரித்தேன். "ஓமோம், எங்கட பொடியன்தான்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா தமிழ்ப் பாட்டு ஒண்டும் பிரபலமாகேல்லையே" என்றார். அதுதான் விஷயம்போல. பிரிக்பீல்ட்ஸில் மூலைக்கு மூலை பாட்டு அலறுகிறது, 2010-ல் இந்தியப் பிரதமரை அழைத்து வந்து லிட்டில் இந்தியா என்று வளைவெல்லாம் கட்டியாயிற்று, இவருக்கு ஒரு சின்னப் படம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

உன் ஊர்க்காரன் கதையே வேறு, ஒத்துக்கொள்கிறேன். கிள்ளானில் 1981-ல் பிறந்த கை செபாஸ்டியன் 2003-ல் முதல் ஆஸ்திரேலியன் ஐடலாக ஜெயித்தபோது, அந்தப் புதர்முடியோடு இருந்த படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தவள்தானே நீ! "எங்கள் கிள்ளான் பையன்" என்று பாசாரில் மீன்காரரிடம்கூடச் சொன்னாய். அவனும் அடிலெய்டில் வளர்ந்தவன்தான், தெரியுமா? கமால் இறங்கிய அதே ஊர். அவர் இறங்கியதற்கும் இவன் ஜெயித்ததற்கும் ஐம்பது வருட இடைவெளி. 2015-ல் ஆஸ்திரேலியா முதல்முறையாக யூரோவிஷன் போட்டிக்குப் போனபோது, வியன்னாவில் அந்த நாட்டுக்காகவே பாடி ஐந்தாவதாக வந்தான். பிறகு தொலைக்காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தீர்ப்பும் சொன்னான். அவன் முகத்தில் பவுடர் அப்ப எவனுக்காவது தைரியம் வருமா?

கமாலும் லேசுப்பட்டவரில்லை. 2023-ல் பூர்வகுடி மக்களுக்காக அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்ததே, அதில் முதலில் 'வேண்டாம்' என்றார், பிறகு 'வேண்டும்' என்றார், சில நாட்களிலேயே மறுபடி 'வேண்டாம்' என்றார். எண்பத்தெட்டு வயதில்! கைதி வேஷம் போட்டவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம், பெரிய அத்தானும் ஒவ்வொரு தேர்தலுக்கும் காடியை விட்டு இறங்கும்வரை கட்சி மாறுவார் என்பது ஞாபகம் வந்து அடங்கிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் வைத்திருந்த கிராமபோன் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறதா? ஊசி தேய்ந்திருந்தால் பெட்டாலிங் ஸ்திரீட்டில் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமை கொமுட்டர் பிடித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். நண்டுக் கறி வைத்துவிடு. சின்னவளும் வீட்டில் இருந்தால் நல்லது, அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

உன்,
பிரிக்பீல்ட்ஸ்காரி