‘நாம்’ என்ற சொல்லும் ஆறு ஓட்டங்களும்

மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொன்று கணபதி கோயிலுக்குச் சற்றுத் தள்ளிய ஒரு பழைய வீட்டின் திண்ணையில் அன்று மாலை மூவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் அவ்வீட்டின் பெரியவர், எழுபதைக் கடந்தவர். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறைகள் ஆகின்றன. வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவதும் படிப்பதும் கன்னடம். இரண்டாமவர் எதிர்வீட்டுக்காரர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழ் நன்கு விளங்கும். மூன்றாமவன் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரி மாணவன், பெரியவருடைய தங்கையின் பேரன். கருநாடக கிரிக்கெட்டில் என்றும் மறக்க இயலாத கணம் எது என்பதே விவாதம்.

எதிர்வீட்டுக்காரர் தயக்கமின்றி 1974 என்றார். அதற்கு முன் பம்பாய் அணி தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பையை வென்றிருந்தது. பெங்களூரில் நடந்த அரையிறுதியில் விஸ்வநாத் 162 ஓட்டங்கள் எடுத்தார். பிரசன்னாவின் சுழலில் கவாஸ்கர் பந்தை இழந்து ஸ்டம்பைப் பறிகொடுத்தார். வடேகர் கால் வழுக்கி ரன் அவுட் ஆனார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் பம்பாய் வெளியேறியது. இறுதியில் ராஜஸ்தானை வென்று கோப்பை இங்கு வந்தது. வானொலியில் அதைக் கேட்ட நாளை அவர் நேற்று நடந்ததுபோல் விவரித்தார். அவர் பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1973 நவம்பர் 1 அன்றுதான் மைசூர் மாநிலம் ‘கருநாடகம்’ என்று பெயர் மாறியது. அதுவரை ‘மைசூர்’ என்ற பெயரில் ஆடிய அணி, புதிய பெயரில் ஆடிய முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றது.

பெரியவர் தேர்ந்தது வெற்றியை அன்று, தோல்வியை. 2010 ஜனவரியில் ரஞ்சி இறுதி ஆட்டம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்தது. மும்பை முதல் இன்னிங்ஸில் 233, கருநாடகம் 130. இரண்டாவதில் மும்பை 234. வெற்றிக்கு 338 தேவை. மூன்று விக்கெட்டுகள் விரைவில் விழுந்தபின் மணீஷ் பாண்டேயும் கணேஷ் சதீஷும் நான்காவது விக்கெட்டுக்கு 209 ஓட்டங்கள் சேர்த்தனர். இருபதே வயதான பாண்டே 144 எடுத்தார். ஊரே மைதானத்தைச் சூழ்ந்து நின்றது. 255க்கு மூன்று என்றிருந்த நிலை, அகர்க்கர் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்க்க, 331க்கு அனைவரும் ஆட்டமிழந்ததில் முடிந்தது. ஆறு ஓட்டங்கள்.

“ஆறே ரன்னுல நாம தோத்துட்டோம்” என்றார் பெரியவர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ‘ஆறு’ அவர் குரலில் தணிந்து ஒலித்தது.

மாணவனின் கணம் வேறு. 2021 நவம்பர், சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதி, தில்லி. கருநாடகத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்குக் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை. ஷாருக் கான் அதைச் சிக்ஸராக அடித்தார். “அன்னிக்கு நாங்க ஜெயிச்சோம்” என்றவன், உடனே பெரியவரைப் பார்த்துக் கேட்டான்: “நீங்க ‘நாம’ன்னு சொன்னீங்களே, அதுல யார் யாரு தாத்தா?”

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் தமிழில் அது விளையாட்டன்று. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மைக்கு ‘நாம்’ என்றும், கேட்பவரை விலக்கும் தன்மைப் பன்மைக்கு ‘நாங்கள்’ என்றும் தமிழ் இரு வடிவங்களை வைத்திருக்கிறது. தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் இல்லை. ‘நாவு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். எதிர்வீட்டுக்காரருடன் கன்னடத்தில் பேசும்போது பெரியவர் எவரையும் சேர்க்கவோ விலக்கவோ வேண்டியதில்லை. இலக்கணம் அவரை அக்கேள்வியிலிருந்து காத்து நிற்கிறது. தமிழில் வாய் திறந்தவுடனே அவர் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். கருநாடகத்தின் தோல்வியைச் சென்னைப் பையனிடம் சொல்லும்போது அவர் ‘நாம்’ என்றால், அவனையும் அத்தோல்வியில் பங்காளியாக்குகிறார். ‘நாங்கள்’ என்றால், சொந்தத் தங்கையின் பேரனை அயலானாக்குகிறார்.

விளையாட்டு ரசிகரின் ‘நாம்’ உலகெங்கும் உண்டு. 1984இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், ஆட்டம் முடிய ஆறு நொடிகளே இருக்கையில், பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி மயாமி அணிக்கு எதிராக வீசிய நெடும்பந்தை ஜெரார்ட் ஃபீலன் பிடித்து வெற்றி தேடித் தந்தார். அக்கல்லூரியில் ஒருநாளும் படிக்காதவரும் அதை ‘நாம் வென்ற ஆட்டம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலமும் கன்னடத்தைப்போல அதில் எவரையும் தடுத்து நிறுத்துவதில்லை.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு 1991 டிசம்பரைச் சொன்னார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மீது வன்முறை மூண்ட நாள்கள். வீட்டில் உரக்கத் தமிழ் பேசுவதை நிறுத்தி, கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தார்கள். “அந்த ராத்திரி இவர் இந்தத் திண்ணையிலதான் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்” என்று எதிர்வீட்டுக்காரரைக் காட்டினார். அவர் அதைக் கேளாதவர்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“2010ல இவர் பக்கத்துல உட்கார்ந்துதான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். கடைசி விக்கெட் விழுந்தப்போ ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. அந்த ‘நாம’ இவரும் நானும்தான். நீயும் வரணும்னா வா. வராட்டியும் நீ என் பேரன்தான்.”

மாணவன் உடனே விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “2021ல ஜெயிச்சது நாங்கதான் தாத்தா” என்றான். பெரியவர் சிரித்தார். எதிர்வீட்டுக்காரரும் சிரித்தார். 1974ஆ 2010ஆ என்ற வழக்கு மறுபடி தொடங்கியது. அன்று தீரவில்லை, அடுத்த விடுமுறையிலும் தீராது.

விளக்கேற்றும் நேரமாயிற்று. உள்ளே போக எழுந்த மாணவன், கங்கோத்ரி கிளேட்ஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டான்.

“பக்கந்தான்” என்றார் பெரியவர். “காலையில நாம மூணு பேரும் போய்ப் பார்த்துட்டு வரலாம்.”