இடியனும் கட்டுத்துவக்கும்

வாய்வழியாக மருந்திடும் துவக்கை வன்னிக் கமக்காரர் ‘இடியன்’ என்பர். பெயரே அதன் தொழிலைச் சொல்லும். கரிமருந்தை அளந்து குழலில் இட்டு, தும்பு வைத்துக் கோலால் இடித்து, அதன்மேற் சன்னமும் மீண்டும் தும்பும் இடவேண்டும். முந்திய வெடியின் கங்கு உள்ளே கிடந்தால் ஊற்றும் மருந்து கையிலேயே வெடிக்கும். மறந்து இருமுறை மருந்திட்டால் குழல் பிளக்கும். ஆதலால் நிரப்புபவன் அவசரப்படான். கேப்பைக் கடைசியிலேயே பொருத்துவான். குறியைக் கண்ணாற் கண்ட பின்னரே விசையைத் தொடுவான்.

கட்டுத்துவக்கிலும் அதே மருந்து, அதே சன்னம். கண் மட்டும் இல்லை. காட்டுப்பன்றியின் உயரத்திற்குக் குழலைக் கட்டி, தடத்தின் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு மனிதன் வீட்டுக்குப் போய்விடுகிறான். பன்றியின் உயரம் நமக்கு முழங்கால்.

தென்மராட்சியில் எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவனின் தந்தை, ஆனையிறவு கடந்து விறகு வெட்டச் சென்றவிடத்தில் அத்தகைய கம்பியை இடறினார். கால் போயிற்று. மகன் இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை.

கட்டியவனைத் திட்டித் தீர்க்க எமக்கும் ஆசைதான். ஆனால் அவனும் ஓரிரவிற் கச்சானைப் பன்றிக்குப் பறிகொடுத்துக் கடனோடு நிற்பவனே. அனுமதிப்பத்திரமில்லாத துவக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம், சரியே. அழிந்த பயிருக்கு ஈடும், வேலிக்குக் கம்பியும் அவனுக்கு எந்தச் சட்டம் கொடுத்தது?

மாணவன் இப்போது வகுப்புக்கு வருகிறான். சனிக்கிழமைகளில் விறகுக்குச் செல்பவனும் அவனே.